இன்டர்நெட் இணைப்புக்குக் கட்டணம்: வாங்குவதா, விடுவதா?

குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு பேரருவிக்குப் போகும் சாலையில் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். ஒருபுறம் கொட்டகைக்குக் கால் நட்டுக்கொண்டிருப்பார்கள். மறுபுறம் நேந்திரம் சிப்ஸ் போட அடுப்பு மேடை கட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு இளைஞர்கள் ஏணியும் வயர் சுருளுமாகக் கம்பம் கம்பமாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "கடைக்கு நெட் லைன் இழுக்கோம் அண்ணாச்சி" என்பார்கள்.

மூன்று மாதக் கடைக்கு இன்டர்நெட் எதற்கு என்று பத்து வருடத்துக்கு முன்பு கேட்டிருப்போம். இப்போது கேட்க முடியாது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருகிறவர் சட்டைப் பையில் பணம் வைத்திருப்பதில்லை. பாலிதீன் உறையில் செல்போன்தான் வைத்திருக்கிறார். கூட்டம் சேரும் சனி, ஞாயிறுகளில் செல்போன் சிக்னல் திணறுகிறது. கியூ.ஆர். அட்டையில் பணம் வந்ததா, வரவில்லையா என்று தெரியாமல் பத்துப் பேரை நிறுத்தி வைக்க எந்த வியாபாரியாலும் முடியாது. ஆகவே லைன் வேண்டியிருக்கிறது.

நான் சொல்ல வந்தது அந்த ஏணியைப் பற்றி. அதற்கு யார் பணம் கொடுப்பது?

சென்ற சீசனில் எனக்குத் தெரிந்த ஒரு கேபிள்காரரிடம் ஒரு கடைக்காரர் சண்டை போட்டதை நேரிலேயே பார்த்தேன். "பெரிய கம்பெனிக்காரன் ஓசியில மாட்டிக் குடுக்கான். நீரு மட்டும் ஆயிரத்தைந்நூறு கேக்கீரு. இது அநியாயம்லா?" என்றார் கடைக்காரர். கேபிள்காரர் பதில் சொல்லவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அதே கடைக்கு அவரே ஐந்நூறு ரூபாய்க்கு லைன் கொடுத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இருவருமே வியாபாரிகள். இருவரிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே கணக்கைச் சரியாகப் போடவில்லை என்பது என் எண்ணம்.

கணக்குக்கு வருமுன் கொஞ்சம் பழைய கதை. நம் வயதொத்தவர்களுக்கு டெலிபோன் இணைப்பு வாங்கிய காலம் நினைவிருக்கும். பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். சீக்கிரம் வேண்டுமானால் ஓ.ஒய்.டி. என்ற திட்டத்தில் பெரிய தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்டினோம்; யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. வேறு கடை இல்லாததால் பேரம் இல்லை. 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியது. பெரு நகரங்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. 1998 கடைசியில் தனியாருக்கும் வழி திறந்தது. அப்போது மத்திய அரசு உரிமத்தை மூன்று வகையாகப் பிரித்தது. நாடு முழுவதற்கும் 'ஏ', ஒரு மாநில அளவுக்கு 'பி', ஒரு தொலைபேசி மாவட்ட அளவுக்கு 'சி'. பின்னால் வந்த ஒருங்கிணைந்த உரிம முறையில் 'ஏ' வகைக்கு நுழைவுக் கட்டணம் 30 லட்சம் ரூபாய் என்று இருந்தபோது 'சி' வகைக்கு 20,000 ரூபாய்தான். சிறியவனும் இந்தத் தொழிலுக்கு வரட்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

இருந்தாலும் நம் பக்கத்தில் லைன் கொடுப்பவர்களில் பலர் சொந்த உரிமம் வாங்கியவர்கள் அல்ல. முன்பு டிஷ் ஆன்டெனா வைத்துக் கேபிள் டி.வி. நடத்தியவர்கள். ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்திடமோ பி.எஸ்.என்.எல்.லிடமோ வருவாயில் பங்கு என்ற முறையில் லைனை எடுத்து, தங்கள் தெருக்களில் கண்ணாடி இழைக் கேபிள் இழுத்துக் கொடுக்கிறார்கள். உரிமம் மேலே இருப்பவருடையது. ஏணியும் வயரும் ஏச்சும் இவருடையது.

இனிக் கணக்கு. விலை ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு மாறும். ஒரு பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் வைக்கும் பெட்டி (மோடம் என்று நாம் சொல்வது, அவர்கள் ஓ.என்.டி. என்பார்கள்) 1,400 ரூபாய். கம்பத்திலிருந்து வீடு வரை 150 மீட்டர் வயர், மீட்டர் 6 ரூபாய் வீதம் 900 ரூபாய். கிளிப், கனெக்டர் வகையறா 100 ரூபாய். இரண்டு ஆட்களுக்கு அரை நாள் சம்பளம் 600 ரூபாய். ஆக மொத்தம் 3,000 ரூபாய். இழையை இணைக்கும் ஸ்ப்ளைசிங் மெஷின் விலையை இதில் சேர்க்கவே இல்லை.

வாடிக்கையாளர் மாதம் 500 ரூபாய் திட்டம் போடுகிறார். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 590 ரூபாய் கொடுக்கிறார். வரி 90 ரூபாய் அரசுக்குப் போகிறது. மீதி 500ல் பாதி மேலே இருக்கும் நிறுவனத்துக்கு என்று வைத்தால் கேபிள்காரர் கையில் 250 நிற்கும். அதில் லைன் பார்க்கும் பையன் சம்பளம், கம்ப வாடகை, மின்சாரம், பேட்டரி, வசூல் செலவு என்று 150 போனால் மிச்சம் 100 ரூபாய். போட்ட 3,000 ரூபாயைத் திரும்ப எடுக்க முப்பது மாதம் ஆகும். இரண்டரை வருடம்! அதற்குள் வாடிக்கையாளர் வீடு மாறாமல், கம்பெனி மாறாமல், அவருக்குக் கோபம் வராமல் இருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் அவர் போய்விட்டால்? கிடைத்தது 300, போட்டது 3,000. பெட்டி நல்லபடியாகத் திரும்பி வந்தால் 1,400 மீண்டும் பயன்படும். வராவிட்டால் அதுவும் போச்சு.

இந்தக் கணக்கைப் பார்த்ததும், "அப்படியானால் 3,000 ரூபாயையும் வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட வேண்டியதுதானே" என்று கேபிள்காரர்கள் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். அந்த 3,000 ரூபாய் ஒரே ரகமான பணம் அல்ல. பெட்டி திரும்பி வரக்கூடியது. ஆள் கூலி திரும்பி வராது. வயர் நடுவில் நிற்கிறது. சுருட்டி எடுத்தால் பாதி தேறும், குரங்கு கடித்திருந்தால் அதுவும் தேறாது. (குற்றாலத்தில் குரங்கைக் கணக்கில் எடுக்காமல் எந்தத் தொழிலும் செய்ய முடியாது. பழக்கடைக்காரரைக் கேட்டால் தெரியும். ஒரு வயரைப் பிடித்துத் தொங்கிக் கம்பம் விட்டுக் கம்பம் தாவும் குரங்குக்கு அது கண்ணாடி இழை என்று யார் சொல்வது?)

நமக்கு இது புதிய விஷயமா என்ன? கலர், சோடா விற்ற காலத்தில் சரக்குக்கு ஒரு விலை, காலி பாட்டிலுக்கும் கிரேட்டுக்கும் தனி டெபாசிட் என்று வாங்கியவர்கள்தானே நாம். கேஸ் சிலிண்டருக்கு இன்றும் அப்படித்தான். பாட்டில் திரும்பி வந்தால் டெபாசிட் திரும்பிப் போகும். உள்ளே இருந்த கலர் குடித்தவர் வயிற்றில் போனது, அதற்குக் காசு வாங்கியாயிற்று. பெட்டிக்கு டெபாசிட், ஏணிக்குக் கட்டணம் என்று கேபிள்காரரும் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பிரிக்காததால் வரும் சங்கடத்தை நானே அனுபவித்திருக்கிறேன். எங்கள் கடையில் முன்பு ஒருவரிடம் லைன் வாங்கினோம். 2,000 ரூபாய் கேட்டார், கொடுத்தோம். ரசீது இல்லை. "நம்ம ஆளுதானே" என்று நானும் கேட்கவில்லை. பில் போடும் கம்ப்யூட்டர், வாசலில் கேமரா, கார்டு தேய்க்கும் மெஷின் மூன்றும் அந்த லைனில்தான் ஓடின. ஏழு மாதத்தில் லைன் மோசமாகி வேறு இடம் மாறினோம். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்டால், "அது இன்ஸ்டலேஷன் சார்ஜ் அண்ணாச்சி, டெபாசிட் இல்ல" என்றார். நான் டெபாசிட் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் கட்டணம் என்று நினைத்து வாங்கியிருக்கிறார். அவர் பொய் சொன்னார் என்று இன்றும் சொல்ல மாட்டேன். எழுதி வைக்காத பணத்துக்கு இருவரும் இரண்டு பெயர் வைத்திருந்தோம், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு கடைத்தெருவில் பார்த்தால் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவது நின்றுபோனது.

வரி விஷயத்திலும் இந்தப் பிரிவினை முக்கியம். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 2(31) பிரிவின்படி, டெபாசிட்டாக வாங்கிய தொகையைச் சேவைக்கான விலையாக எடுத்துக்கொள்ளாத வரை அது விலை ஆகாது. எனவே அதற்கு வரி இல்லை. லைன் போட்ட கட்டணத்துக்கு 18 சதவீதம் உண்டு. டெபாசிட்டைத் திருப்பித் தராமல் கட்டணத்தில் கழித்துக்கொண்டால் அன்றைக்கு அதற்கும் வரி வந்துவிடும். இரண்டையும் ஒரே தொகையாக எழுதி வைத்திருக்கும் கேபிள்காரரின் கணக்கை நாளை அதிகாரி பார்த்தால் முழுத் தொகைக்கும் வரி கேட்க இடம் உண்டு. வாடிக்கையாளரும் கடைக்காரராக இருந்தால், கட்டணத்துக்கு முறையான பில் இருந்தால்தான் அவர் கொடுத்த வரியை வரவு எடுக்க முடியும். ரசீது கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

சரி, பெரிய கம்பெனி எப்படி ஓசியில் தருகிறது? இதைத்தான் அந்தக் கொட்டகைக் கடைக்காரர் கேட்டார். 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வணிக ரீதியில் தொடங்கியபோது ஓசி என்று சொல்லவில்லை. ஒரே தடவையாக 2,500 ரூபாய் வாங்கியது. அதில் 1,500 திருப்பித் தரும் டெபாசிட், 1,000 திரும்பாத நிறுவு கட்டணம் என்று பிரித்தே சொன்னது. 2021ல் ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று மொத்தமாகத் திட்டம் எடுப்பவர்களுக்கு நிறுவு கட்டணம் இல்லை என்று மாற்றியது. அதாவது கட்டணம் மறைந்துவிடவில்லை. ஆறு மாத முன்பணத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பி.எஸ்.என்.எல்.லும் ஃபைபருக்கு 500 ரூபாய் என்று வைத்திருந்த நிறுவு கட்டணத்தை அண்மை ஆண்டுகளில் தள்ளுபடி செய்தது. இவர்களுக்குப் பல லட்சம் இணைப்புகள். ஓரிடத்தில் விட்டதை இன்னோரிடத்தில் எடுத்துக்கொள்ள முடியும். முந்நூறு இணைப்பு வைத்திருப்பவர் எங்கே போய் எடுப்பார்?

சூப்பர் மார்க்கெட்காரர் சர்க்கரையை அடக்க விலைக்குக் கீழே விற்று நம்மை மிரட்டுவது நினைவுக்கு வருகிறதா? நாமும் சர்க்கரை விலையைக் குறைத்து அவரோடு போட்டி போட்டால் தாக்குப்பிடிக்க முடியாது என்று நம் சங்கக் கூட்டங்களில் எத்தனை முறை பேசியிருக்கிறோம். அதே நாம் கேபிள்காரரிடம் போய், "அவன் ஓசியில் தருகிறான், நீயும் தா" என்கிறோம். இதில் உள்ள முரண்பாட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படி ஓசியில் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. தென்காசிக்கு அருகில் ஒருவர், ஊர் பெயர் வேண்டாம், 2020ல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய நேரத்தில் கடன் வாங்கிப் பெட்டிகள் இறக்கினார். மத்தளம்பாறையில் 2011லிருந்து சோஹோ நிறுவனம் இருப்பதால், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் கிராமங்களில் புதிது அல்ல. ஆனால் அந்த வருடம் சென்னை, பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். கேட்ட வீட்டுக்கெல்லாம் காசு வாங்காமல் லைன் போட்டார். ஒன்றரை வருடத்தில் பிள்ளைகள் ஆபீசுக்குத் திரும்பிப் போனார்கள். இணைப்புகள் கொத்துக் கொத்தாகக் கழன்றன. பெட்டிகளில் பாதி பரண்மேல் போயிற்று. கடன் மட்டும் நின்றது. கடைசியில் அவர் லைனை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார். நடுவில் அவரையே நம்பியிருந்த கடைகளுக்கு இரண்டு வாரம் இணைப்பு இல்லை. ஓசியின் விலையை அந்த இரண்டு வாரத்தில் கடைக்காரர்கள் கொடுத்தார்கள்.

இது ஒருபுறமிருக்க, கட்டணம் வாங்குகிறவருக்கும் சில பொறுப்புகள் உண்டு. பணம் வாங்கிய பிறகு பாராமுகமாக இருக்கும் பழக்கம் கேபிள் தொழிலில் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. 2006ல் டிராய் பிராட்பேண்டுக்குக் கொண்டுவந்த சேவைத் தர விதிமுறையில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. நிறுவு கட்டணமும் டெபாசிட்டும் வாங்கிவிட்டு 15 வேலை நாட்களுக்குள் இணைப்புத் தராவிட்டால் நாளுக்கு 10 ரூபாய் வீதம், நிறுவு கட்டணத்துக்கு மிகாமல், வாடிக்கையாளருக்கு வரவு வைக்க வேண்டும். பழுது மூன்று வேலை நாட்களைத் தாண்டினால் ஏழு நாள் கட்டணம் தள்ளுபடி. 2024ல் புதிய விதிமுறை வந்து அந்தப் பழையதை மாற்றிவிட்டது. இருந்தாலும் அந்த 10 ரூபாய்க் கணக்கில் உள்ள நியாயத்தை நம் ஊர்க் கேபிள்காரர் தாமாகவே வைத்துக்கொண்டால் குறைந்துவிட மாட்டார்.

கேபிள் டி.வி.க்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 2017 விதிமுறையில் நிறுவு கட்டணம் 350 ரூபாய்க்கும், ஆக்டிவேஷன் 100 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது என்று டிராய் உச்சவரம்பு வைத்தது. 2024ல் அந்த வரம்பை எடுத்துவிட்டு, அவரவர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் என்ன தொகை என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று விட்டது. இன்டர்நெட்டுக்கும் வெளிப்படை என்பதுதான் முக்கியம். தொகை அல்ல.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்காக ஒன்று. இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் கிராமங்களுக்குப் பெரிய கம்பெனிகள் வேகமான லைன் தர முன்வராததால், 2011ல் கிராமத்தார்களே கூடி 'பார்ன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பங்கு போட்டுப் பணம் சேர்த்தார்கள். விவசாயிகள் தங்கள் நிலத்தின் வழியே குழாய் பதிக்க வாடகை கேட்காமல் இடம் கொடுத்தார்கள். பலர் தாங்களே மண்வெட்டி எடுத்துப் பள்ளம் தோண்டினார்கள். இவ்வளவு ஊர்ப்பற்று இருந்தும் இணைப்புக் கட்டணத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. ஆரம்பத்தில் 150 பவுண்டு இணைப்புக் கட்டணம், மாதம் 30 பவுண்டு என்று வைத்தார்கள். அந்தக் கட்டணம் இருந்தும் ஜனங்கள் சேர்ந்தார்கள். தங்கள் பணம் எங்கே போகிறது என்பது, தோண்டியவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

நம் ஊருக்கு எது பொருந்தும்? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்; மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம். கடை, வீடு என்று நிலையான இடத்துக்குப் பெட்டி டெபாசிட் 1,000 ரூபாய், லைன் போடும் கட்டணம் 1,000 ரூபாயும் அதற்கு வரி 180 ரூபாயும். ஐம்பது மீட்டர் வயர் அதற்குள் அடக்கம். மேற்கொண்டு மீட்டருக்கு இவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். தென்காசி பஜாரில் கம்பத்துக்கு அடியிலேயே கடை வைத்திருப்பவரும், ஐந்தருவிச் சாலையில் தோப்புக்குள்ளே பங்களா கட்டி அரை கிலோமீட்டர் வயர் கேட்பவரும் ஒரே தொகை கொடுப்பது முன்னவருக்கு அநியாயம். மொத்தமாகக் கொடுக்க முடியாத சிறு கடைக்காரருக்கு ஐந்து மாதத் தவணை போடலாம். ஊருக்குள் தெரிந்த முகம்தானே.

கட்டணம் வாங்கிய மூன்று மாதத்துக்குள் லைன் சரியில்லை என்று வாடிக்கையாளர் விலகினால் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். இதற்குக் கேபிள்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஆனி, ஆடிக் காற்றில் மரக்கிளை விழுந்து வயர் அறுவதும், மறுநாளே ஆள் வந்து சரிசெய்வதும், பத்து நாள் கழித்து வருவதும் ஒன்றல்லவே.

சீசன் கடைகள் தனி ரகம். ஜூனில் வந்து ஆகஸ்டில் போகிறவரிடம் முப்பது மாதக் கணக்குப் பேசிப் பயனில்லை. அவரிடம் கூலியையும் வயரையும் முழுதாக வாங்கிவிடுவதே நேர்மை. கொட்டகைக்கும் கீற்றுக்கும் கூலி கொடுப்பவர் இதற்கும் கொடுப்பார், முன்கூட்டியே சொன்னால். லாட்ஜ்காரர்கள் விஷயம் வேறு. சீசன் முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகையில் மீண்டும் லைன் கேட்பார்கள். வயர் அங்கேயே இருக்கும். ஏணி வேலை அநேகமாக இல்லை. இரண்டாம் முறையும் புது இணைப்புக்கான கட்டணம் கேட்பது நியாயமாகப் படவில்லை.

தேரோட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். காசி விஸ்வநாதர் கோயில் தேர் வீதிகளில் குறுக்கே போகும் வயர்களைத் தேரோட்டத்துக்காகக் கழற்றி, முடிந்ததும் திரும்பக் கட்ட வேண்டும். அந்த ஒரு நாள் கூலிக்கு யாரிடமும் பில் போட முடியாது, போடவும் கூடாது. அது ஊரில் தொழில் செய்வதன் பங்கு. பெரிய கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தேர் எந்தக் கிழமை என்று தெரியாது. நம் கேபிள்காரருக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் சொன்ன கேபிள்காரரைப் போன வாரம் மீண்டும் பார்த்தேன். இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். "நீங்க சொல்லுறது சரிதான் அண்ணாச்சி. ஆனா நான் ஒருத்தன் மட்டும் வாங்குனா அடுத்தவன் ஓசியில குடுத்து என் கஸ்டமரை இழுத்துருவான்லா" என்றார். எல்லாரும் கூடி ஒரே தொகையைப் பேசி வைப்பது சட்டப்படி வம்பு. போட்டிச் சட்டம் அதை ஏற்காது. அதையும் சொன்னேன். தொகையை அவரவர் வைத்துக்கொள்ளட்டும், ரசீதை மட்டும் எல்லோரும் ஒழுங்காகக் கொடுக்கலாமே என்றேன். யோசித்தார். அச்சகத்தில் இரண்டு புத்தகம் அடிக்கக் கொடுத்திருக்கிறார். லைன் கட்டணத்துக்கு வெள்ளைத் தாள், பெட்டி டெபாசிட்டுக்கு மஞ்சள் தாள். மஞ்சள் தாளின் அடியில், பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் எத்தனை நாளில் பணம் என்று ஒரு வரி போடச் சொன்னேன். முப்பது என்று எழுதினார். பிறகு அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினார்.